சர்வீஸ் முடிந்ததும் டாஷ்போர்டில் விளக்கு எரிகிறதா?

சர்வீஸுக்கு விட்ட காரை எடுத்துக்கொண்டு வீட்டிற்கு வருகிறீர்கள். காலையில் இல்லாத மஞ்சள் விளக்கு ஒன்று டாஷ்போர்டில் எரிகிறது. கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் பற்றி எதற்கு என்கிறீர்களா? அந்த விளக்கை எரிய வைத்ததே ஒரு கம்ப்யூட்டர்தான். ஏன் எரிய வைத்தது என்பதை உங்கள் வீட்டு லேப்டாப்பிலேயே படித்துவிடலாம்.

இன்றைய கார்களில் இன்ஜின், பிரேக், ஏர்பேக் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் உண்டு. இவற்றை இ.சி.யு. என்பார்கள். வீட்டில் நான்கு கம்ப்யூட்டர்களை நெட்வொர்க் கேபிளால் இணைப்பது போல, இவையும் கேன் என்ற நெட்வொர்க்கில் இணைக்கப்பட்டுள்ளன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்தியது இது. டாஷ்போர்டு வெறும் மானிட்டர்தான். (நம் கோவையின் பிரிக்கால் நிறுவனம் பல ஆண்டுகளாகத் தயாரித்து வருவது இந்த மாதிரி டாஷ்போர்டு கருவிகளைத்தான்.)

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் மெமரி, கீபோர்டு எல்லாவற்றையும் அது சோதித்துப் பார்க்கும் அல்லவா? காரிலும் அப்படித்தான். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் சில விநாடிகள் எரிந்து அணைவது அந்தச் சோதனையின் ஒரு பகுதி. அணையாமல் நிற்கும் விளக்கைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் வண்டியை ஓரம் கட்டுங்கள். குறிப்பாக எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆயில் மாற்றிய அன்று இது எரிந்தால் ஆயில் பில்டரோ, அடியில் உள்ள டிரெயின் போல்ட்டோ சரியாக இறுக்கப்படாமல் ஆயில் ஒழுகியிருக்கலாம். "வீடு பக்கம்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும். லேப்டாப்பைத் தேடும் நேரம் அல்ல இது.

மஞ்சள் என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது வேறு கதை. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். வாட்டர் சர்வீஸில் இன்ஜின் மேல் தண்ணீர் பீய்ச்சிய பிறகு இது வருவதுண்டு. மின்னிக்கொண்டே இருந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியில் மைனஸ் 40 டிகிரி!

சென்ற கோடையில் என் பெரியப்பா பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் பெட்ரோல் காரை சர்வீஸ் செய்தார். ஆயில் மாற்றி, ஏர் பில்டர் மாற்றி அனுப்பினார்கள். மறுநாளே இன்ஜின் விளக்கு எரிந்தது. திரும்பப் போனால் "சென்சார் போயிடுச்சுங்க, புதுசு போடோணும்" என்றார்களாம். "ஏங்கண்ணு, நீ கம்ப்யூட்டர் படிச்ச பையன்தானே, என்னன்னு பாரு" என்று வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார்.

நான் லேப்டாப்பை இணைத்தேன். வந்த கோட் பி0113. இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது. வெளியே வெயில் கொளுத்துகிறது!

காரணம் எளிது. அந்த சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். குளிர் கூடக் கூட அதன் மின்தடையும் கூடும். இ.சி.யு. அதற்கு 5 வோல்ட் கொடுத்து, எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்று அளந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. ஒயர் கழன்றிருந்தால்? மின்தடை எல்லையில்லாமல் போய்விடும். "கடுங்குளிர்" என்று இ.சி.யு. முடிவு செய்து, தன் அளவுகோலின் கடைசி எண்ணான மைனஸ் 40-ஐக் காட்டும். ஆக, மைனஸ் 40-ஐப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சென்சாரை அல்ல, அதன் கனெக்டரை.

சாவியை எடுத்துவிட்டு பானெட்டைத் திறந்தோம். ஏர் பில்டர் பெட்டியில் அந்த கனெக்டர் பாதி மட்டுமே செருகியிருந்தது. பில்டர் மாற்றும்போது கழற்றியதை 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்தவில்லை. அழுத்தினோம், வெப்பநிலை சரியாகக் காட்டியது. விளக்கு மட்டும் உடனே அணையவில்லை. பழுது தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தென்படாவிட்டால்தான் இ.சி.யு. தானாக விளக்கை அணைக்கும். உடுமலைக்குப் போய் வந்து, இன்னொரு தடவை சந்தைக்குப் போனதும் அணைந்தது. புது சென்சார் வாங்கவில்லை.

நீங்களே படிப்பது எப்படி?

ஸ்டியரிங்கிற்குக் கீழே, முழங்காலுக்கு மேலே குனிந்து பார்த்தால் 16 பின்கள் கொண்ட சாக்கெட் தெரியும். இதன் பெயர் ஓ.பி.டி. அமெரிக்காவில் 1996-ல் கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010-ல் பெருநகரங்களில் தொடங்கி, 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்தது. அதற்குப் பின் தயாரான கார் என்றால் சந்தேகமே வேண்டாம்.

இதில் செருக 'எல்ம் 327' வகை அடாப்டர் வேண்டும். ப்ளூடூத், யு.எஸ்.பி. இரண்டிலும் கிடைக்கிறது. விலை மலிவானவை பெரும்பாலும் நகல்கள்தான். கோட் படிக்க அவையே பெரும்பாலும் போதும். மொபைல் போனுக்கு இலவச அப்ளிகேஷன்கள் உள்ளன. எனக்கு என்னவோ லேப்டாப்பில் நேரடியாகக் கேட்பதுதான் பிடிக்கும். ஒரு காலத்தில் விண்டோஸிலேயே ஹைப்பர் டெர்மினல் இருந்தது, விஸ்டாவில் எடுத்துவிட்டார்கள். இப்போது புட்டி என்ற இலவச சாப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள். அடாப்டரின் காம் போர்ட்டைத் தேர்ந்தெடுத்துத் திறந்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, 0105 என டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

41 05 78 என்று பதில் வருகிறது என வைத்துக்கொள்வோம். கடைசி எண்தான் விடை. இது 16-ன் அடிமானத்தில் உள்ள எண். 7-ஐ 16-ஆல் பெருக்கி 8-ஐக் கூட்டினால் 120. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் 80. உங்கள் இன்ஜின் கூலன்ட் 80 டிகிரியில் இருக்கிறது! (கழிக்கும் அந்த 40-தான் மேலே பார்த்த மைனஸ் 40.) அடுத்து 03 என்று அடித்தால் பழுதுக் கோட்கள் வரும். 43 01 01 13 என்று வந்தால், ஒரு கோட் உள்ளது, அது பி0113 என்று பொருள்.

04 என்ற கட்டளையும் உண்டு. அது எல்லாவற்றையும் அழித்துவிடும். சில பட்டறைகளில் ஸ்கேனரைச் செருகி முதல் வேலையாக இதைத்தான் செய்கிறார்கள். விளக்கு அணையும், நீங்களும் மகிழ்ச்சியாகக் கிளம்புவீர்கள். ஆனால் பழுது வந்த நொடியில் என்ன வேகம், என்ன வெப்பநிலை என்று இ.சி.யு. பதிந்து வைத்த விவரமும் கோடோடு சேர்ந்து போய்விடும். எர்ரர் மெசேஜைப் படிக்காமலே ஓகே பட்டனை அழுத்துவது போன்றதுதான் இது. அழிக்கும் முன் திரையைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்த முறையில் இன்ஜின் கோட்களைத்தான் படிக்க முடியும். ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகளுக்கு அந்தந்தக் கம்பெனியின் ஸ்கேனர் தேவைப்படும். பிரேக் வேலை செய்த பிறகு ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால், சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் ஒயர் இழுபட்டிருக்கலாம், அல்லது அதில் அழுக்கு ஒட்டியிருக்கலாம். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் அந்த விளக்கோடு மலை ஏற வேண்டாம் என்பேன். ஏ.பி.எஸ். விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள்.

சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு ஏர்பேக் விளக்கு எரிகிறதா? சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர் அசைந்திருக்கும். இதை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். உள்ளே இருப்பது வெடிமருந்து. பட்டறைக்கே விட்டுவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் ஸ்டியரிங் விளக்கு எரிந்தால், பல கார்களில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, சிறிது தூரம் ஓட்டினாலே அணைந்துவிடும். டயர் விளக்குக்கு, காற்றைச் சரிபார்த்துவிட்டு மெனுவில் ரீசெட். ஸ்பேனர் படம் பல கார்களில் வெறும் நினைவூட்டல்தான், கிலோமீட்டர் கணக்கை மறுபடி பூஜ்யம் ஆக்க மறந்திருக்கிறார்கள்.

எல்லாப் பழியையும் பட்டறை மீது போடவும் முடியாது. தென்னந்தோப்பில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் சர்வீஸுக்கு விடும் முன் இன்ஜினை ஓட விட்டு, டாஷ்போர்டைக் கிலோமீட்டரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு முன்பே எரிந்ததா, பிறகா என்ற வாக்குவாதம் வராது.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி வையுங்கள். சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டின் 16-வது பின்னில் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். செருகியபடியே விட்டு ஊருக்குப் போய் வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கலாம்.