நாற்பதைக் கடந்த கண்கள்: புரோகிரசிவ் கண்ணாடிக்கு மாறலாமா?



நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. உடுமலைப்பேட்டையில் நான் பணிபுரியும் பள்ளிவாசலின் மிம்பரில் நின்று குத்பா குறிப்பைப் பார்த்தேன். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றினால் தாள் தெளிவாக இருந்தது. ஆனால் முன்வரிசையில் இருந்தவர்களின் முகங்கள் கலங்கிவிட்டன. பேசி முடிப்பதற்குள் ஏழெட்டு முறை கண்ணாடியைக் கழற்றி மாட்டியிருப்பேன். தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் அருகில் வந்து, "ஏனுங்க அஜ்ரத், நாப்பது தாண்டிருச்சுங்களா? சாளேசரம் வந்துருச்சுங்க" என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரிதான். மைனஸ் 2 கண்ணாடி பள்ளிப் பருவத்திலிருந்தே என்னிடம் உண்டு. இப்போது அதோடு வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டது. உருது பேசும் நம் வீடுகளில் சாலீஸ் என்றால் நாற்பது. மராத்தியில் சாளீஷி என்றால் நாற்பது வயதையும் குறிக்கும், அந்த வயதில் போடும் கண்ணாடியையும் குறிக்கும். நம் பெரியவர்கள் சொல்லும் சாளேசரத்திலும் அந்த நாற்பதுதான் ஒலிக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு கண்ணாடிகள் மாற்றினேன். ஒன்று வீணாயிற்று, மற்றொன்று இன்று வரை உதவுகிறது. "புரோகிரசிவ் போடலாமா அஜ்ரத்?" என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டதால், நான் அனுபவத்தில் கற்றதையும் படித்து அறிந்ததையும் இங்கே தருகிறேன்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

நம் கண்ணின் உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸ், அருகில் உள்ளதைப் பார்க்கும்போது தடித்துக்கொள்ளும்; தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகும். வயது ஏற ஏற அது இறுகிப்போய், வளையும் தன்மையை இழக்கிறது. இது சிறுவயதிலிருந்தே மெல்ல மெல்ல நடப்பதுதான். நாற்பதை ஒட்டித்தான் நமக்குத் தெரியவருகிறது. செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடிப்பதும், மாலை வெளிச்சத்தில் அரபு எழுத்தின் இரண்டு புள்ளியும் மூன்று புள்ளியும் ஒன்றாகத் தெரிவதும் இதன் அடையாளங்கள்.

இது நோயல்ல, தப்பவும் முடியாது. திருக்குர்ஆனின் 46-ஆம் அத்தியாயம் 15-ஆம் வசனம் நாற்பது வயதைக் குறிப்பிட்டு, பெற்ற அருட்கொடைகளுக்கு நன்றி செலுத்தும் பிரார்த்தனையைக் கற்றுத்தருகிறது. எஞ்சியிருக்கும் பார்வையைச் சரியாகப் பேணுவதும் அந்த நன்றியில் சேர்ந்ததுதான்.

படிப்பதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் பவர் பெரும்பாலும் நாற்பதுகளின் தொடக்கத்தில் பிளஸ் 1 அளவில் ஆரம்பித்து, அறுபதை ஒட்டி 2.5 வரை ஏறி, அதன்பின் நிலைக்கும்.

முன்னால் உள்ள வழிகள்

முதலாவது, படிக்க மட்டும் ஒரு கண்ணாடி. இரண்டாவது, பைஃபோகல்: மேலே தூரம், கீழே படிப்பு, நடுவில் ஒரு கோடு. தனக்கு இரண்டு கண்ணாடி மாற்றும் சிரமம் தீர்ந்த மகிழ்ச்சியை அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மூன்றாவதுதான் புரோகிரசிவ். கோடு இல்லாமல், மேலிருந்து கீழாகப் பவர் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். பிரான்சில் பெர்னார்ட் மெத்தனாஸ் உருவாக்கிய வேரிலக்ஸ் 1959-இல் சந்தைக்கு வந்தது. இன்றைய புரோகிரசிவ்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒளியியலில் நம் முன்னோருக்குப் பெரும் பங்கு உண்டு. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் செல்வதால் நாம் பார்ப்பதில்லை, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதால்தான் பார்க்கிறோம் என்பதைப் பதினோராம் நூற்றாண்டில் தம் கிதாபுல் மனாளிர் நூலில் நிறுவினார். அந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பரவியது. பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி தோன்றியது.

புரோகிரசிவ் தருவதும் எடுப்பதும்

பைஃபோகலில் இல்லாத ஒன்று இதில் உண்டு: நடுத்தூரம். கணினித் திரை, கடையின் கல்லாப்பெட்டி, மிம்பரில் வைத்த குறிப்பு எல்லாம் இரண்டடித் தொலைவில் இருப்பவை. அதற்கு லென்ஸின் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை போன்ற பகுதி இருக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பவரைச் சீராக மாற்றிக்கொண்டே போனால், அந்தப் பாதையின் இருபக்கமும் கலங்கல் ஏற்பட்டே தீரும். இது வடிவக் கணிதத்தின் விதி. எவ்வளவு விலை கொடுத்தாலும் அறவே நீங்காது. நல்ல லென்ஸில் அந்தக் கலங்கலை ஓரத்துக்குத் தள்ளியும் பரப்பியும் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் கண்ணைச் சுழற்றிப் பக்கவாட்டில் பார்ப்பதை விட்டு, தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். வண்டி ஓட்டும்போது பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதற்கும் இதே பழக்கம் தேவை. பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் பழகிவிடும். படிப்புப் பவர் குறைவாக இருக்கும்போதே தொடங்கினால் எளிது, 2.5 ஆன பிறகு முதல்முறையாகப் போட்டால் கலங்கலும் அதிகம், பழகுவதும் கடினம்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

விலை சில ஆயிரங்களில் தொடங்கி முப்பதாயிரத்தையும் தாண்டுகிறது. எனவே கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: காலையிலிருந்து இரவு வரை என் கண் எந்தெந்தத் தொலைவில் வேலை செய்கிறது? ஒரு தொலைவிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை முறை தாவுகிறது?

தூரப் பார்வை நன்றாக இருந்து, காலையும் மாலையும் சற்றுநேரம் ஓதவும் படிக்கவும் மட்டும் கண்ணாடி வேண்டுபவருக்குப் படிப்புக் கண்ணாடி ஒன்றே போதும். மைனஸ் 2, 3 அளவில் பவர் உள்ளவர்கள் வீட்டில் கண்ணாடியைக் கழற்றிவிட்டே படிக்கலாம். நானும் ஃபஜ்ருக்குப் பின் அப்படித்தான் ஓதுகிறேன். நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன்னோ கணினி முன்னோ இருப்பவருக்கு, அந்தத் தொலைவுக்கென்றே போடும் கண்ணாடி புரோகிரசிவைவிட அகலமான தெளிவைத் தரும்.

ஆசிரியர், கடைக்காரர், வங்கி ஊழியர், மக்கள் முகத்தையும் கையிலுள்ள தாளையும் மாறி மாறிப் பார்ப்பவர் ஆகியோருக்குத்தான் புரோகிரசிவ் உண்மையில் பயன்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருக்கிறார், கோடு தெரியாததால் வயது தெரியாது என்பதற்காக வாங்குவது வீண்செலவு. தேவை இருந்தும் செலவுக்கு அஞ்சிக் கண்ணைச் சிரமப்படுத்துவதும் சரியல்ல.

என் முதல் கண்ணாடி ஏன் வீணாயிற்று?

விலை உயர்ந்த லென்ஸ் என்று ஒரு கடையில் வாங்கினேன். இரண்டு வாரம் தலைவலி. படிக்க வேண்டுமானால் தாடையை வானத்துக்கு உயர்த்த வேண்டியிருந்தது. பழகிவிடும் என்றார்கள்; பழகவில்லை. பெட்டியில் வைத்துவிட்டேன். பிறகு வேறொருவர் பார்த்துச் சொன்னார்: பவர் சரி, லென்ஸும் நல்லது, ஆனால் அளவு தவறு. என் கருவிழி பிரேமில் எந்த உயரத்தில் வருகிறது என்பதை யாருமே குறிக்கவில்லை. ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

1. பிரேமை முகத்தில் மாட்டி, மூக்கிலும் காதிலும் சரிசெய்த பிறகே அளவெடுக்க வேண்டும். நேராகப் பார்க்கும்போது கருவிழி வரும் இடத்தை, போலி லென்ஸின்மீது பேனாவால் குறிக்க வேண்டும்.

2. மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணின் தூரத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பலருக்கு இரண்டும் சமமாக இருக்காது.

3. மிகக் குறுகிய பிரேம் வேண்டாம். கீழே படிக்கும் பகுதிக்கு இடமில்லாமல் வெட்டுப்பட்டுவிடும்.

4. முதல்முறை வாங்குபவர், பழகாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதை முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

5. புரோகிரசிவ் லென்ஸில் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நுண்குறிகள் அழியாதபடி பதிந்திருக்கும். காதுப் பக்கக் குறியின் கீழே படிப்புப் பவர் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். சீட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

படிகளில் கவனம்

புதுக் கண்ணாடியோடு ஹவுழின் படியில் இறங்கும்போது ஒருமுறை தடுமாறிவிட்டேன். தூணைப் பிடித்ததால் தப்பினேன். காரணம் எளிது. நின்றபடி கண்ணை மட்டும் தாழ்த்தினால், நாலைந்து அடிக்குக் கீழே இருக்கும் படியைப் படிப்புப் பகுதி வழியாகப் பார்க்கிறோம். அது ஒன்றேகால், ஒன்றரை அடித் தொலைவுக்கானது. படியின் விளிம்பு மங்கிவிடும்.

வயதானவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. ஆஸ்திரேலியாவில் 63 முதல் 90 வயது வரையிலான 156 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், பைஃபோகல், புரோகிரசிவ் போன்றவை அணிந்தவர்கள் கீழே விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருமடங்குக்கு மேல் இருந்தது. 2010-இல் வெளியான இன்னோர் ஆய்வில், இப்படிப்பட்ட கண்ணாடி அணியும் 606 பேரில் ஒரு பகுதியினருக்கு வெளியே செல்லும்போது போட தூரப் பார்வைக் கண்ணாடி தனியாகத் தந்தார்கள். வெளியே அதிகம் நடமாடுபவர்களிடம் விழுவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அதிகம் வெளியே போகாதவர்களுக்கோ மாற்றி மாற்றிப் போடுவதே இடைஞ்சலாகி, வெளியில் விழுவது கூடியது.

ஆக, பேருந்துப் படி, மாடிப்படி, ஹவுழ் எதுவானாலும் தலையைக் குனிந்து மேற்பகுதி வழியாகப் பாருங்கள். தினமும் பள்ளிக்கும் சந்தைக்கும் நடக்கும் பெரியவர் பழைய தூரக் கண்ணாடியைத் தூக்கியெறிய வேண்டாம். முதல் சில நாட்கள் வீட்டில் உட்கார்ந்து பழகுங்கள். அதன்பிறகே வண்டியை எடுங்கள். தொழுகையில் ஸஜ்தா செய்யும் இடம் சற்று மங்கலாகத் தெரிவதால் குறையொன்றுமில்லை. நெற்றியும் மூக்கும் தரையில் படுவதைக் கண்ணாடி தடுத்தால் மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள்.

பவருக்கு முன் பரிசோதனை

கணினியில் பவர் எடுப்பது மட்டும் கண் பரிசோதனை ஆகாது. நாற்பதைக் கடந்தவர்கள் கண் மருத்துவரிடம் கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்த்துக்கொள்வது அவசியம். கண் அழுத்த நோய் வலியே இல்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வராத நாளில் பவர் எடுத்து விலையுயர்ந்த கண்ணாடி செய்தால், சில வாரங்களில் அது பொருந்தாமல் போகலாம். முதலில் சர்க்கரை சீராகட்டும்.

அதேபோல், அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்கத் தொடங்கினால் அதை ஆரோக்கியம் என்று எண்ணிவிடக் கூடாது. கண்புரையின் தொடக்கத்திலும் அப்படி நேரும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டிலுள்ள பெண்களின் கண்கள்

கடைசியாக என் மனதை உறுத்தும் ஒன்று. என் தாயார் ஐம்பதைத் தாண்டியபோது முஸ்ஹஃபைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டார். முழங்கால் வலி, உட்கார முடியவில்லை போலும் என்று நினைத்தோம். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எழுத்து தெரியவில்லை என்பது பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்குத் தேவைப்பட்டது சில நூறு ரூபாய்க் கண்ணாடிதான். புள்ளிகளும் ஹரகத்துகளும் மீண்டும் தெரிந்த அன்று அவர் முகத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன்.

ஆண்களுக்கு ஒன்றென்றால் கடைக்கு ஓடுகிறோம். ஊசியில் நூல் கோக்கவும் அரிசியில் கல் பார்க்கவும் மருந்துப் பட்டையில் தேதி படிக்கவும் பெண்கள் படும் பாடு நம் கண்ணில் படுவதில்லை. அஸ்ஸாமில் நாற்பது வயதைக் கடந்த 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றவர்கள் பறிக்கும் அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. வங்கதேசத்தில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், எட்டு மாதத்தில் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. அவர்களுக்குத் தந்தது விலையுயர்ந்த புரோகிரசிவ் அல்ல, கிட்டப் பார்வைக்கான சாதாரணக் கண்ணாடிதான்.

எனவே உங்களுக்குப் புரோகிரசிவ் வாங்கப் புறப்படும் நாளில், வீட்டில் நாற்பதைக் கடந்த அனைவரையும் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் லென்ஸின் விலையில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை. மிச்சமாகும் தொகையில் உம்மாவுக்கோ மனைவிக்கோ ஒரு படிப்புக் கண்ணாடி கிடைத்துவிடும்.

பார்வை என்னும் அருட்கொடையைப் பேணி, நன்றியுடன் பயன்படுத்தும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.