விளக்கொளியில் உருளைக்கிழங்கு விளையுமா?

உருளைக்கிழங்கு இல்லாத சமையலறை நம் தோட்டக் குடியிருப்புகளில் இல்லை எனலாம். ஆயினும், கிள்ளான் கடைத்தெருவில் நாம் வாங்கும் கிழங்கில் மிகப் பெரும்பகுதி சீனா, பங்களாதேஷ் முதலிய நாடுகளிலிருந்து வந்து இறங்குவதாகும். விலை ஏறும்போதெல்லாம், இதனை நம் வீட்டிலேயே ஏன் வளர்க்கக் கூடாது என்னும் வினா எழுவது இயல்பே. செடி வளர்ப்பதற்கென்றே ஊதா நிற ஒளி வீசும் விளக்குகளும் இப்போது விற்பனைக்கு வந்துள்ளன. வாளியில் மண்ணிட்டுக் கிழங்கை நட்டு, மேலே விளக்கைத் தொங்கவிட்டால் வீட்டுக்குள்ளேயே அறுவடை செய்யலாம் என நம்பிப் பணம் செலவிட முனையும் குடும்பங்கள், அதற்கு முன்னர்ச் சில உண்மைகளை அறிந்துகொள்வது நலம்.

உருளைக்கிழங்கை வேர் என்று பலர் கருதுகின்றனர். மரவள்ளியும் சக்கரைவள்ளியும் வேர்களே; உருளைக்கிழங்கோ தண்டு. மண்ணுக்குள் ஓடும் மெல்லிய கிளையின் நுனி பருத்துக் கிழங்காகிறது. அதன் மேலுள்ள 'கண்கள்' மொட்டுகள். ரப்பர்க் கன்றில் ஒட்டுக் கட்டும்போது நாம் வைக்கும் கண்ணும் இத்தகைய மொட்டுதான். பகலில் இலை தயாரிக்கும் சர்க்கரை இக்கிளை நுனியை அடைந்து மாவாகச் சேர்கிறது. ஆனால் அது தானாக நிகழ்வதன்று. இரவு நீண்டதாகவும் குளிர்ந்ததாகவும் இருக்கும்போது, கிழங்கு வைக்கும்படி இலையிலிருந்து நுனிக்குக் குறிப்பு வலுவாகச் செல்கிறது. இரவில் வெப்பம் மிகுந்தால் அக்குறிப்பு தளர்ந்துவிடும். சேர வேண்டிய சர்க்கரையும் செடியின் மூச்சிலும் தழை வளர்ச்சியிலும் செலவாகிவிடும்.

கிழங்கு வைப்பதற்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியஸ். கிள்ளானிலோ விடியற்காலையில்கூட 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. தகரக் கூரை வேய்ந்த வீட்டினுள் வெப்பம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். விடியற்காலைக் குளிர்ச்சியில் பால் நன்கு ஓடுவதையும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைவதையும் பால் வெட்டுவோர் அன்றாடம் காண்கின்றனர். சில பாகை வேறுபாடு ஒரு பயிருக்கு எவ்வளவு பெரிது என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, நம் வீட்டு வாளியில் நட்ட உருளைக்கிழங்கு முளைக்கும்; தழைக்கும்; பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும். தோண்டிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் இரண்டொன்று கிடைக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். விளக்கு இக்குறையைத் தீர்க்காது. குறை ஒளியில் இல்லை.

ஒளியைப் பற்றியும் கணக்கிட்டுப் பார்ப்போம். நண்பகல் வெயிலின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். வீட்டில் குழல்விளக்கு தரும் வெளிச்சம் சில நூறு லக்ஸ் மட்டுமே. நம் கண் இருளுக்கும் ஒளிக்கும் தன்னை மாற்றிக்கொள்வதால் இவ்வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. செடிக்கு அது பட்டினி. நூறு வாட் செடி விளக்கை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரித்தால் 1.2 யூனிட் மின்சாரம் செலவாகும். கிழங்கு முற்ற நூறு நாள் எனக் கொண்டால் 120 யூனிட். உங்கள் மின்கட்டணச் சீட்டிலுள்ள விலையால் இதனைப் பெருக்கி, அத்தொகைக்குக் கடையில் எத்தனைக் கிலோ கிழங்கு கிடைக்கும் என்று பாருங்கள். விளக்கின் விலை வேறு!

செயற்கை ஒளியில் உருளைக்கிழங்கு விளையவே விளையாது என்பது இதன் பொருளன்று. விண்வெளிப் பயணிகளுக்கு உணவு விளைவிக்கும் நோக்கத்துடன், 1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முழுதும் விளக்கொளியிலேயே இப்பயிரை வளர்த்து ஆராய்ந்தனர். 16 முதல் 20 பாகைவரை குளிரூட்டிய அறைகளில் கிழங்கு நன்கு விளைந்தது. 28 பாகையில் செடி வளர்ந்தும் கிழங்கு ஏறக்குறைய இல்லை. 1995 அக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்திலும் உருளைக்கிழங்கின் இலைத் துண்டுகளில் சிறு கிழங்குகள் உருவாயின. அங்கெல்லாம் ஒளியோடு குளிரும் அளந்து தரப்பட்டது. மூன்று மாதம் இரவு பகலாகக் குளிர்சாதனத்தை ஓட்ட எந்தத் தொழிலாளியின் வருமானம் இடங்கொடுக்கும்?

இக்குளிரை மலை இலவசமாகத் தருகிறது. தமிழ்நாட்டில் உருளைக்கிழங்குக்குப் பெயர் பெற்றது நீலகிரி; 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் அங்கு இப்பயிர் புகுந்தது. நம் நாட்டில் அத்தகைய குளிர்ச்சி கேமரன் மலை போன்ற உயர்ந்த இடங்களில்தான் உண்டு.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக முளைவிட்ட ஒரு கிழங்கை நடுவதில் தவறில்லை. கண்ணிலிருந்து தண்டு கிளம்புவதை அவர்கள் நேரில் காணட்டும். ஆனால் ஒன்றில் எச்சரிக்கை தேவை. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சை நிறமாகும். அப்போது சோலனின் என்னும் நஞ்சும் அதில் மிகும். வேகவைத்தாலும் அது நீங்காது. நன்கு பச்சை படிந்த கிழங்கையும் கசக்கும் கிழங்கையும் உண்ணாது எறிந்துவிடுக. வீட்டிலுள்ள கிழங்கை இருளான, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

கிழங்குதான் வேண்டுமெனில் நம் மண்ணுக்கும் வெப்பத்துக்கும் உரியது சக்கரைவள்ளி. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அருகியபோது தோட்ட மக்களின் பசியை ஆற்றியவை மரவள்ளியும் இதுவுமே. பழைய பஞ்ச காலத்து உணவு என இதனை இன்றும் சிலர் ஒதுக்குவது வருந்தத்தக்கது. மார்டி ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட 'விட்டாத்தோ' என்னும் செம்மஞ்சள் வகை, கண்ணுக்கு நலம் பயக்கும் ஏ வைட்டமினுக்கு மூலமானது.

காலியான உரச் சாக்கைக் கழுவி, அடியில் துளைகளிட்டு, மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புக. ஒரு முழம் நீளமுள்ள நுனிக் கொடியை, கணுக்கள் மூன்று நான்கு மண்ணுள் புதையுமாறு நடுக. நாள் முழுதும் வெயில் படும் இடமாக இருத்தல் வேண்டும். ரப்பர் மர நிழல் உதவாது. தழையுரத்தை அள்ளிப் போட்டால் கொடிதான் ஓடும், கிழங்கு வைக்காது. சாக்கின் கீழ்த் தட்டு வைத்து நீரைத் தேங்கவிடாதீர். டிங்கிக் கொசு அதில்தான் முட்டையிடும். இடையிடையே இளந்தழையைக் கிள்ளிக் கீரையாகச் சமைக்கலாம்; அளவோடு கிள்ளுக. மூன்றரை, நான்கு மாதத்தில் சாக்கைக் கவிழ்த்துக் கிழங்கை எடுக்கும்போது, நல்ல கொடி நுனிகள் சிலவற்றை வெட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் அடுத்த சாக்குக்கு நாற்று ஆயத்தமாகிவிடும்.