கேமரா யார் பக்கம் திரும்ப வேண்டும்?
பாலியல் வன்முறையும் குறும்படமும்: நினைவுச் சொற்பொழிவு



மறைந்த தோழரின் நினைவு நாளில் அவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து போவது எங்கள் வழக்கமல்ல. அவர் விட்டுச்சென்ற வேலைகளில் ஒன்றை எடுத்துப் பேசுவோம். இந்த ஆண்டு குறும்படத்தை எடுத்துக்கொண்டோம். பாலியல் வன்முறை குறித்த விழிப்புணர்வுக்குக் குறும்படம் என்ன செய்ய முடியும், எங்கே அது தவறிப்போகிறது என்பதே இவ்வுரை.

எங்கள் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சேரியில், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரு குறும்படம் போட்டோம். நல்ல நோக்கத்தில் எடுத்த படம்தான். ஆனால் பத்து நிமிடப் படத்தில் மூன்று நிமிடம் அந்தப் பெண் கதறுவதே ஓடியது. பாதியில் ஓர் அம்மா எழுந்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்து போய்விட்டார். பின்னால் நின்ற சில இளைஞர்கள் சிரித்தார்கள். படம் முடிந்தது, கைதட்டினார்கள், நாங்களும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அந்த அம்மா ஏன் எழுந்து போனார் என்று அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை.

வெகுமக்கள் சினிமா நமக்கு நீண்ட காலமாக ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. முன்பின் தெரியாத வில்லன், கிழிந்த சேலை, அலறல், பிறகு 'கற்பிழந்த' பெண்ணின் தற்கொலை அல்லது அண்ணனின் பழிவாங்கல். இப்படி நடந்தால்தான் அது வன்முறை என்று பொதுப்புத்தி நம்புகிறது. நீதிமன்றமும் இதற்கு விலக்கல்ல. 1972இல் மகாராஷ்டிராவில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே காவலர்களால் வன்புணரப்பட்டார். உடலில் காயம் இல்லை, அவர் எதிர்க்கவில்லை என்பன போன்ற காரணங்களைச் சொல்லி உச்சநீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. அதற்கெதிராக நாடெங்கும் எழுந்த பெண்களின் போராட்டத்தால்தான் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு பெண் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது என்பது 2013 திருத்தத்தில் சட்டமாகவே எழுதப்பட்டது. சட்டம் மாறியிருக்கிறது, பார்வையாளரின் மனம் இன்னும் மாறவில்லை. குறும்படத்தின் முதல் வேலை இங்கேதான் இருக்கிறது. பயத்தில் உறைந்து நின்றவளையும் நம்ப வேண்டும் என்று அது சொல்லித்தர வேண்டும்.

வன்முறைக் காட்சி இல்லாமல் அப்படிச் சொல்ல முடியுமா? முடியும். 2020இல் வெளியான பிரியங்கா பானர்ஜியின் 'தேவி' 13 நிமிடப் படம். வெவ்வேறு வயதும் வர்க்கமும் கொண்ட பெண்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள். வாசல் மணி அடிக்கிறது, இன்னொருத்தியை உள்ளே விட இடமிருக்கிறதா என்று வாதிடுகிறார்கள். கதவைத் திறந்தால் நிற்பது ஒரு சிறுமி. அவ்வளவுதான் படம். குழந்தைகளுக்காக எடுக்கப்பட்ட 'கோமல்' என்ற அசைவூட்டப் படத்தில், தவறாகத் தொடுகிறவர் குடும்பத்துக்குப் பழக்கமான பக்கத்து வீட்டுக்காரர். வில்லன் வெளியிலிருந்துதான் வருவான் என்ற பொய்யை அது ஒரு கார்ட்டூனிலேயே உடைக்கிறது.

ஆனால் நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 'தேவி'யின் அந்த அறையில் நடக்கும் வாதத்தின் மையத்தில் சாதி இல்லை. நம் பெண்களின் அனுபவத்திலோ அதுதான் மையம். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக, குயவர் சாதியைச் சேர்ந்த பன்வாரி தேவி 1992இல் ஆதிக்கச்சாதியினரால் கூட்டாக வன்புணரப்பட்டார். 1995இல் கீழமை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருப்பார்களா என்ற தர்க்கம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. குடிக்கும் தண்ணீரில் தீட்டு பார்ப்பவன் வன்முறையின்போது மட்டும் அதை மறந்துவிடுவான் என்பது நமக்குத் தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியவில்லை. தமிழில் லீனா மணிமேகலையின் 'பறை' ஆவணப்படம், சிறுதொண்டமாதேவியில் தலித் பெண்கள் மீதான பாலியல் வன்முறையைச் சாதியோடு சேர்த்தே பேசியது. சாதியைச் சொல்லாத படம் நம் தெருவில் பாதி உண்மைதான்.

ஆகவே கேமரா பெண்ணின் உடலிலிருந்து விலகி, அதற்குப் பின் நடப்பதன் பக்கம் திரும்பட்டும். புகாரை வாங்க மறுக்கும் காவல் நிலையம், சமரசம் பேச வரும் ஊர்ப் பெரியவர்கள், வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தும் நிலவுடைமையாளர், பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடும் பிள்ளை. 1992இல் வாச்சாத்தியில் 18 பழங்குடிப் பெண்கள் அரசு ஊழியர்களால் வன்புணரப்பட்டார்கள். 2011இல்தான் தருமபுரி நீதிமன்றம் தண்டனை அறிவித்தது, 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த 19 ஆண்டுக் காத்திருப்பில் எத்தனை குறும்படங்கள் இருக்கின்றன!

படம் எடுக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். முகத்தை மறைத்தால் போதாது. வாசலில் நிற்கும் வேப்பமரம், தங்கச்சியின் குரல், தெருமுனைக் குழாய், இவற்றில் ஒன்று போதும், ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

கடைசியாக, திரையிடல். பத்து நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சு வேண்டும். படத்தில் என்ன வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு காட்சி வையுங்கள். எழுந்து போகிறவரின் பின்னால் போக ஒரு பெண் தோழரை முன்பே நிறுத்திவையுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். குழந்தைக்கு நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது போக்சோவின்படி குற்றம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. இவற்றைத் திரையில் ஓடவிட்டால் போதாது, வாயால் சொல்லுங்கள், துண்டுத்தாளில் கொடுங்கள். சிரித்த இளைஞர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். அவர்களும் நம் பிள்ளைகள்தான்.

அந்தச் சேரிக்கு நாங்கள் மறுபடியும் போனோம். இந்த முறை படப்பெட்டியைத் திறக்கும் முன்பே பெண்களோடு உட்கார்ந்தோம். எந்தப் படம் போடலாம் என்று அவர்களிடமே கேட்டோம். அந்த அம்மாவும் வந்திருந்தார். ஏன் எழுந்து போனீர்கள் என்று அப்போதும் நாங்கள் கேட்கவில்லை. அவர் கடைசிவரை இருந்தார். அது போதும் எங்களுக்கு.

ஜெய்பீம்.