ரிமோட்டுக்கு ரேஞ்ச் பத்தலையா ஸார்?

திண்டுக்கல்லில் வெளியூர்க்காரர்கள் பூட்டையும் பிரியாணியையும் பற்றிக் கேட்பார்கள். உள்ளூர் இளவட்டங்கள் என்னிடம் கேட்பது வேறு. "அண்ணே, ரிமோட்டுக்கு ரேஞ்ச் ஏத்த முடியுமா?"

திருவிழாக் கடையில் வாங்கிய ரிமோட் கார் நாற்பதடி போனதும் முரண்டு பிடிக்கும். அல்லது போனஸ் பணத்தில், வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய குட்டி விமானம், ஊருக்கு வெளியே தென்னந்தோப்பைத் தாண்டுவதற்குள் சொன்ன பேச்சு கேட்காது. உடனே எல்லோருக்கும் தோன்றும் வைத்தியம் ஒன்றுதான்: "பவரை ஏத்து!" இதற்கென்றே பூஸ்டர் என்று குட்டி டப்பா வேறு விற்கிறார்கள்.

எனக்கு இந்த வைத்தியத்தில் நம்பிக்கை கிடையாது. கணக்கு அப்படி! திறந்த வானத்தில் ரேஞ்ச் இரண்டு மடங்கு ஆகவேண்டுமென்றால் பவர் நான்கு மடங்கு வேண்டும். பவரை வெறும் இரண்டு மடங்காக்கினால், 100 மீட்டர் போனது 141 மீட்டர் போகும். அவ்வளவுதான். தரையை ஒட்டி ஓடும் காருக்கு நிலைமை இன்னும் மோசம். அங்கே தூரத்தை இரட்டிப்பாக்கப் பதினாறு மடங்கு வரை பவர் கேட்கும். பாட்டரிக் கடைக்காரர் சந்தோஷப்படுவார்.

பின்னே எதில்தான் இருக்கிறது ரேஞ்ச்? நம்ம மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் பண்பலை! 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட். அதே பத்து கிலோவாட்டை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு உயரத்தில் வைத்துப் பாருங்கள், இத்தனை மாவட்டத்துக்குக் கேட்காது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கணக்குப்படி 180 கிலோமீட்டருக்கு மேல் ரேடியோ அலைக்குத் தடையில்லாத பாதை. பெருமை வாட்டுக்கு இல்லை, மலைக்கு!

அதற்காக ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டை மேல் ஏறிவிடாதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற சின்னம். காருக்கு, ரிமோட்டை இடுப்பிலிருந்து தோள் உயரத்துக்குத் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். விமானம் ஏற்கெனவே உயரத்தில்தான் இருக்கிறது. நாம் மரத்துக்குப் பின்னால் நிற்காமல் இருந்தால் போதும்.

அடுத்தது ஏரியல். பழைய பாணி 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுக்குக் கால் அலை ஏரியல் போடவேண்டுமானால் கிட்டத்தட்ட 2.75 மீட்டர் நீளம் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தேங்காய் பறிக்க வந்தவர் என்று நினைப்பார்கள். ஆகவே, உள்ளே ஒரு காயில் சுற்றி, கம்பியைக் குட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். குட்டைக் கம்பியையும் பாதி மடக்கி வைத்துக்கொண்டு "ரேஞ்ச் இல்லண்ணே" என்பது என்ன நியாயம்? முழுசாக இழுங்கள். இன்னொன்று... ஏரியல் நுனியை விமானத்தை நோக்கி, துப்பாக்கி மாதிரி நீட்டுகிறோமே, அது தப்பு. நுனி காட்டும் திசையில்தான் அலை ரொம்பக் குறைவு. பக்கவாட்டில்தான் வீச்சு.

பொதுவாக எல்லோரும் கோட்டைவிடுவது ரிசீவர் பக்கம். தொங்குகிற ஏரியல் ஒயரை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டிவிடுவார்கள், இல்லை சுருட்டி உள்ளே திணிப்பார்கள். ஒயர் நீளம் கணக்குப் பார்த்து வைத்தது ஸார்! பிரஷ் மோட்டார் இருந்தால் அது தீப்பொறியில் போடும் இரைச்சல் வேறு. காதுக்குப் பக்கத்தில் மேளம் அடித்தால் தூரத்தில் கூப்பிடுகிறவன் குரல் கேட்குமா? மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடம்புக்கு ஒன்று என மூன்று 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்துப் பற்றவையுங்கள். டீ, வடை செலவுக்குள் முடிகிற இந்த வேலை, பூஸ்டர் செய்யாததைச் செய்யும்.

பூஸ்டரில் வேறொரு வில்லங்கமும் உண்டு. ஒழுங்காக வடிகட்டாத பூஸ்டர் 27-ல் மட்டும் பேசாது. அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கிலும் உளறும். 27-ஐ நாலால் பெருக்குங்கள்: 108. நிஜ விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசை ஆரம்பிக்கிற இடம் அது! மதுரைக்கு இறங்குகிற விமானம் பக்கத்து ஊர்க்காரர்களைத்தானே சுமந்து வருகிறது? சட்டமும் சும்மா இல்லை. 2005-ல் வந்த விதிகள் 27 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வரையும், இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளுக்கு டிரான்ஸ்மிட்டரில் 1 வாட், ஏரியலோடு சேர்த்து 4 வாட் வரையும் லைசென்ஸ் இல்லாமல் அனுமதித்தன. அதுவும் அங்கீகாரம் பெற்ற கருவிக்குத்தான். நாம் சோல்டரிங் அயர்னோடு புகுந்து விளையாடிய டப்பாவுக்கு இல்லை.

சரி, எல்லாம் செய்து ரேஞ்சும் கூடிவிட்டது. அப்புறம்? ஒரு மீட்டர் இறக்கை உள்ள விமானம் அரை கிலோமீட்டர் தள்ளிப் போனால், நீட்டிய கையிலிருக்கும் கடுகு அளவுதான் தெரியும். வருகிறதா போகிறதா என்று கடுகைப் பார்த்துச் சொல்ல முடியுமா? 2021-ன் ட்ரோன் விதிகளும் பொழுதுபோக்கு மாதிரி விமானம் என்றால் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இயக்குவது என்றே வரையறுத்தன. ஒரு கிலோ விமானம் 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, நாலு மாடி உயரத்திலிருந்து ஒரு கிலோ படிக்கல் விழுவதற்குச் சமம். கீழே வயலில் களை பறிக்கிறவர்கள் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டா இருப்பார்கள்?

"அஜித் மட்டும் விடுறாரே?" என்பார்கள். 2018-ல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா குழுவுக்கு அஜித்குமார் ஆலோசகர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த யு.ஏ.வி. சேலஞ்ச் போட்டியில் அந்தக் குழு இரண்டாமிடம் பிடித்தது. அங்கே விமானம் கண்ணுக்கு மறைந்து போகத்தான் வேண்டும். ஆனால் அது உள்ளேயிருக்கும் கம்ப்யூட்டரை நம்பித் தானே வழி பார்த்துப் போகும் ரகம். குச்சியைப் பிடித்து ஓட்டுகிற நம்ம ஜாதி இல்லை.

2.4 செட் வைத்திருப்பவர்கள் ஃபெயில்சேஃப் என்ற சமாசாரத்தை முதலில் சரிபார்க்கவேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். பழைய செட்டுக்காரர்கள் ஏரியலை முழுக்க மடக்கிவிட்டு, நண்பர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, முப்பது தப்படி நடங்கள். மோட்டாரை நிறுத்தி ஒரு தடவை, ஓடவிட்டு ஒரு தடவை குச்சியை ஆட்டிப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது வால் தானாக நடுங்கினால் அன்றைக்குப் பறக்க வேண்டாம். மூட்டையைக் கட்டுங்கள். வழியில் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அந்த மூன்று கெப்பாசிட்டரைக் கவனியுங்கள்.