காலடி மண் – 7: ஈரத்தின் பிடி

வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கினால், பின்னேரங்களில் பிள்ளைகள் மணல் வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். காய்ந்த மணலைக் குவித்தால் சரிந்து ஓடும். அலை தொட்டுப்போன மணலில் சுவர் நிமிர்ந்து நிற்கும். பெரிய அலை ஒன்று ஏறினால் வீடு கூழ். மணல் ஒன்றுதான், தண்ணீரின் அளவுதான் வேறு.

ஈர மணலில் துணிக்கைகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் மட்டும் நீர் ஒட்டி நிற்கிறது. மிச்ச இடம் காற்று. அந்த நீரின் மேற்பரப்பு உள்வளைந்திருப்பதால், அதன் அழுத்தம் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்து, துணிக்கைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இதுதான் உறிஞ்சு விசை. மணலில் இது சொற்பம். களி கலந்த மண்ணில் இடைவெளிகள் மிக நுண்ணியவை, ஆகவே பல மடங்கு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அலன் பிஷப் 1959இல் இதற்குச் சமன்பாடு எழுதினார்: உறிஞ்சு விசை முழுவதும் பலமாகாது, மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பங்குதான் சேரும்.

கொட்டாஞ்சேனையில் என் உறவினர் ஒருவர் வீட்டுப் பின்வளவை நிரவிச் சீமெந்துத் தளம் போட்டார். மாசி வெயிலில் கிறவலைக் கொட்டி, தண்ணீர் தெளிக்காமலே இடித்தார்கள். கல்லு மாதிரி இருந்தது. வைகாசி மழையில் தளம் நடுவே வெடித்து ஒரு சாண் இறங்கியது. “கள்ள மண் ஐயா” என்றார் மேசன். மண்ணில் கள்ளமில்லை. உலர இடித்த மண்ணுக்குள் பெரிய இடைவெளிகள் அப்படியே கிடக்கும். அதைத் தாங்கி நின்றது உறிஞ்சு விசை. ஈரம் ஏறியதும் அது போய்விட்டது. ஒவ்வொரு மண்ணும் நன்றாக இறுகுவதற்கு அதற்கென்று ஓர் ஈர அளவு உண்டு என்று 1933இலேயே லொஸ் ஏஞ்சலிஸ் பொறியியலாளர் ரல்ப் புரொக்டர் காட்டிவிட்டார். ரோலருக்கு முன்னால் பவுசர் ஓடுவது தூசி அடக்க மட்டுமல்ல.

கொழும்பில் தளம் வெடிக்கும், மலையில் உயிர் போகும். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அது ரோலர் இறுக்கிய மண்ணல்ல, சரிவில் தானே படிந்த மண். ஆனாலும் விதி அதேதான். இறங்கும் மழை முதலில் உறிஞ்சு விசையை அழிக்கிறது; பிறகு நிரம்பிய நீர் துணிக்கைகளை விலக்கித் தள்ளத் தொடங்குகிறது. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரிக்கப்பட்டிருந்தது. போக வேறு காணியில்லாத சனத்திடம் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் போய் என்ன பயன்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். மலையகத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால், இன்றைக்கே போன் எடுத்து இந்த மூன்று எண்களையும் சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)