வலிக்கு ஒரு மிஷின்

காரவள்ளி அடிவாரத்தில் பஸ் கிளம்பும்போது என் கையிலிருந்த வாட்ச் 212 காலடி என்று காட்டியது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, கொல்லிமலை செம்மேட்டில் இறங்கிப் பார்த்தால்... 1,900 சொச்சம்! இத்தனைக்கும் அடியேன் வழி நெடுக எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஜன்னலோர சீட்டில் சுருண்டு கிடந்தேன். பஸ் குலுங்கியதையெல்லாம் என் பேரில் வரவு வைத்துவிட்டது வாட்ச். (பி.காம். படித்தவன் சார். பொய்க் கணக்கு என்றால் கண்ணில் பட்டுவிடும்.)

வாட்ச் என்னுடையதல்ல, நண்பனுடையது. அவன் ஆபீஸில் தினம் பத்தாயிரம் அடி நடக்கிற போட்டி. "மலையில நல்லா நடந்து எனக்கு மார்க் வாங்கிக் குடுடா" என்று கட்டி அனுப்பிவிட்டான். அந்தப் பத்தாயிரம் ஏதோ மருத்துவ விதி என்று நினைத்துவிடாதீர்கள். 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி, இடுப்பில் மாட்டும் அடி எண்ணியை விற்பதற்காக வைத்த பெயர்தான் 'பத்தாயிரம் அடி மீட்டர்'. பெயர் நிலைத்துவிட்டது.

பைல் நாட்டில் ஒரு பெரியவர் மரவள்ளிக் கிழங்கு மூட்டையை ரோட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல். எனக்கு ஒரு விஷமம் தோன்றியது.

"ஐயா, இதைக் கொஞ்சம் கையில கட்டிக்குங்களேன்."

"மணி பாக்கவா தம்பி? எனக்கு எதுக்கு?"

கட்டிவிட்டேன். சும்மாட்டின் மேல் மூட்டையை வைத்து, வாட்ச் கட்டிய கையால் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மேட்டில் ஏறினார். நான் வெறுங்கையோடு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் அடிகளை எண்ணினேன். அறுநூறைத் தாண்டியது. வாட்ச் காட்டியதோ ஐம்பதுகூட இல்லை!

ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. வாட்சுக்குள் ஒரு சிலிக்கான் துண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங்குகளில் தொங்குகிற குட்டியூண்டு எடை. கை ஆடினால் அதுவும் ஆடும். ஒரே சீராக ஆடினால் நடக்கிறான் என்று எண்ணிக்கொள்ளும். தலைச்சுமையைப் பிடித்த கை ஆடுமா? ஆடாது. ஆகவே, பெரியவர் நடக்கவில்லை. பஸ்ஸில் வாந்தியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் நடந்தேன்.

அசைவு வேறு, உழைப்பு வேறு. உழைப்பைப் பார்க்க இன்னொரு சமாசாரம் இருக்கிறது. தசை சுருங்கும்போது அதில் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். டார்ச் செல் 1.5 வோல்ட் என்றால் இது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். தோல் மேல் வில்லை ஒட்டி அதைப் பிடித்துவிடலாம். நெஞ்சில் ஒட்டி ஈ.சி.ஜி. எடுக்கிறார்களே, அதன் பங்காளி. பெயர் ஈ.எம்.ஜி. பெரியவரின் கழுத்திலும் கெண்டைக்காலிலும் அதை ஒட்டியிருந்தால் கோடு கோடாகக் குதித்திருக்கும்.

சரி, எல்லாவற்றையும் அளந்தாயிற்று. அப்புறம்?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் இதே மலையில் வளர்ந்தவர் என்பதுதான் ஆச்சரியம். டாக்டர் பால் பிராண்ட். பிறந்தது 1914-ல், வளர்ந்தது கொல்லிமலையில். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்த செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் அப்பா முன்பே எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டே இருந்தனவாம். அந்தப் பையன் அவற்றை எப்படித்தான் பிரித்துப் படித்தானோ!

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு டாக்டராக வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மடங்கிப்போன கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். இரும்புப் பிடி! டாக்டர் வலியில் துடிக்க, நோயாளிக்குத் தான் நோகடிப்பதே தெரியவில்லை. செத்தது சில நரம்புகள்தான், முன்கைத் தசைகள் ஜோராக இருக்கின்றன என்று டாக்டருக்குப் பளிச்சென்று புரிந்தது. நல்ல தசையின் நாணை எடுத்து, விரலுக்குத் திருப்பித் தைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் உணர்ச்சியைத் தைக்க முடியவில்லை. விரல்கள் தானாக அழுகி விழவில்லை. சூடு பட்டும், வெட்டுப் பட்டும், ராத்திரியில் எலி கடித்தும் போயின. வலித்தால்தானே கையை இழுப்பார்கள்?

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், வலிக்கே ஒரு மிஷின் செய்யப் பார்த்தார். அழுத்தத்தை உணரும் சென்சார் வைத்த கையுறை. அழுத்தம் அதிகமானால் காதில் சத்தம். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள். விளக்கு எரிய வைத்தார், பலனில்லை. கடைசியில் அக்குளில் ஷாக்! அதற்குப் பலன் இருந்தது. என்ன பலன்? இறுகிய ஆணியைத் திருக வேண்டும் என்றால் மிஷினை அணைத்துவிட்டுத் திருகினார்கள். சென்சார்களும் அடிக்கடி பழுதாகின. வருடக்கணக்கில் போராடிவிட்டுக் கைவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. இருபது வருட சர்க்கரை. ஒரு நாள் பூராவும் ஷூவுக்குள் ஒரு ஜல்லிக் கல்லோடு நடந்திருக்கிறார். சாயங்காலம் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்துதான் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு விரலை எடுத்தார்கள். "வலிக்கவே இல்லடா" என்று பெருமை போலச் சொன்னார்.

பிராண்டின் கையுறைக்கு இப்போது பேரன் பிறந்திருக்கிறான். ஷூவுக்குள் போடும் சென்சார் அட்டை. ஒரே இடத்தில் வெகுநேரம் அழுத்தினால் கை வாட்சில் எச்சரிக்கை வரும், காலை மாற்றி வைக்க வேண்டும். மான்செஸ்டரில் சர்க்கரை நோயாளிகளிடம் செய்து, 2019-ல் வெளியான ஆய்வில், கால் புண் மறுபடி வருவது 71 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான். அதிலும் எச்சரிக்கையை மதித்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் விவரமாகச் சொன்னேன்.

"அணைக்க பட்டன் உண்டா?" என்றார் முதல் கேள்வியாக.

அதற்குள் அம்மா டார்ச்சோடு வந்துவிட்டாள். விரல் போன நாளிலிருந்து தினம் ராத்திரி அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். "காலைக் காட்டுங்க... இது என்ன சிவப்பு? செருப்பில்லாம வாசலுக்குப் போனீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். "இதுக்கு பட்டனே இல்லடா."