பெயர் அறிந்த இயந்திரமும் பொறுப்பேற்ற மனிதனும்



சில வாரங்களுக்கு முன் தருமபுரியில் ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், பெங்களூரில் கணிப்பொறிப் பணி புரியும் இளைஞர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார்.

"ஹஜ்ரத்! எங்கள் பாட்டியார் மௌத்தாகிவிட்டார்கள். ஜனாஸாவுக்கு வந்து சேர என்னால் இயலவில்லை. கிருஷ்ணகிரியில் இருக்கும் மாமாவுக்கு ஆறுதல் கடிதம் எழுத அமர்ந்தேன், வார்த்தை வரவில்லை. கைப்பேசியில் உள்ள அறிவு இயந்திரத்திடம் கேட்டேன். நொடியில் எழுதித் தந்தது. அதைப் படித்து மாமா தேம்பித் தேம்பி அழுதார்களாம். எழுதிய இயந்திரமும் அழவில்லை. அனுப்பிய நானும் அழவில்லை. அப்படியானால் அந்த இயந்திரம் மனிதத் தன்மையைக் கற்றுக்கொண்டுவிட்டதா? அல்லது நான்தான் அதை மறந்துவிட்டேனா?" என்று வினவினார்.

இது அவர் ஒருவருடைய வினா அன்று. இக்காலத்தில் வாழும் நம் அனைவருடைய வினாவுமாகும்.

மனிதனைப் போன்ற பொறியைச் செய்ய வேண்டும் என்னும் ஆவல் புதியதன்று. தியார்பக்கிர் நகரில் அர்துகீ அரசர்களின் அவையில் பணியாற்றிய முஸ்லிம் அறிஞர் அல்ஜஸரீ, 1206ஆம் ஆண்டில் நிறைவு செய்த தம் நூலில், கை கழுவ நீர் வார்க்கும் பணியாள் உருவத்தையும், இசைக்கருவி மீட்டும் உருவங்களையும் இயக்கும் முறையை வரைபடங்களுடன் விளக்கியுள்ளார். நம் காலத்திலோ, ஹாங்காங் நிறுவனம் ஒன்று உருவாக்கிய 'சோபியா' எனும் பெண்ணுருவ இயந்திரத்துக்குக் குடியுரிமை வழங்குவதாக 2017 அக்டோபரில் ரியாத் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. நமது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 'வியோமித்ரா' எனும் பெண்ணுருவை 2020 ஜனவரி 22 அன்று பெங்களூரில் உலகுக்குக் காட்டியது. ககன்யான் கலத்தில் மனித உயிரை ஏற்றுவதற்கு முன் அங்குள்ள நிலைமையைச் சோதித்தறிவதற்கென்றே அது உருவாக்கப்பட்டது. மனித உயிரின் மதிப்பை உணர்ந்தோர் செய்த ஏற்பாடு அது.

இயந்திரம் மனிதத் தன்மையைப் பயில்வதைத் தமிழ் மக்கள் கதையாகவும் கண்டிருக்கின்றனர். 2010இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படத்தில் 'சிட்டி' எனும் இயந்திர மனிதன், தீப்பற்றிய வீட்டினுள் நுழைந்து, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அந்நிலையிலேயே பலர் முன் தூக்கி வருகின்றான். நாணம் தாளாமல் ஓடிய அப்பெண் வாகனத்தில் அடிபட்டு மாண்டுபோகின்றாள். உயிரைக் காக்க வேண்டும் என்பதை அவ்வியந்திரம் அறிந்திருந்தது. மானத்தைக் காக்க வேண்டும் என்பதை அறிந்திருக்கவில்லை. நாணத்தை ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏன் எண்ணினார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கமும் வேண்டுமோ?

கதை அத்துடன் நிற்கவில்லை. அதைச் செய்த விஞ்ஞானி அதற்கு உணர்ச்சிகளையும் புகட்டுகின்றார். விளைவு யாது? அது காதலிக்கின்றது, பொறாமை கொள்கின்றது, இறுதியில் ஊரையே அழிக்கத் துணிகின்றது. ஆகவே உணர்ச்சி மட்டும் வந்துவிட்டால் மனிதன் ஆகிவிட முடியாது என்பதும் தெளிவாகின்றது.

அவ்வாறெனில் மனிதனை மனிதனாக்குவது எது? அறிவா?

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பொருள்களின் பெயர்களைக் கற்பித்தான் என்றும், மலக்குகள் அறியாத அப்பெயர்களை அவர்கள் எடுத்துரைத்தார்கள் என்றும் 'அல்பகரா' அத்தியாயம் இயம்புகின்றது. இன்று மனிதன் இயந்திரத்துக்குப் பெயர்களைக் கற்பித்துக்கொண்டிருக்கின்றான். இது மரம், இது மாடு, இது அழும் முகம் என்று படம் படமாகக் குறித்துக் கொடுக்கும் பணியில் நம் நாட்டு இளைஞர்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். 2022 நவம்பர் இறுதியில் வெளியான 'சாட்ஜிபிடி' போன்றவையோ, மனிதர் எழுதிக் குவித்தவற்றைப் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரத்தகும் என்று கணித்துக் கணித்தே பேசுகின்றன. அழும் முகத்தின் பெயர் அதற்குத் தெரியும், அழுகை தெரியாது.

பெயரறிவு இயந்திரத்துக்கும் வந்துவிட்டதெனில் நமக்கென்று எஞ்சுவது யாது? வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் ஏற்றுக்கொண்டான் என்று 'அல்அஹ்ஸாப்' அத்தியாயம் அறிவிக்கின்றது. பொறுப்பேற்றலே மனிதத் தன்மையின் முதற்படி. இயந்திரம் ஒரு தவறு செய்தால் யார் விடை சொல்ல வேண்டும்? அதைச் செய்தவனும் ஏவியவனும் அன்றோ! மறுமையில் ஏடு விரிக்கப்படுவது அதற்கன்று.

இரண்டாம் படி தவ்பா. இப்லீஸும் பிழை செய்தான். ஆதம் (அலை) அவர்களும் மறந்து தவறினார்கள். இப்லீஸ் தன் பிழைக்குக் காரணம் கற்பித்தான். நெருப்பு மண்ணினும் உயர்ந்ததென்று வாதிட்டான். ஆதம் (அலை) அவர்களோ அழுது மன்னிப்புக் கோரினார்கள். இயந்திரத்தின் பிழை திருத்தப்படுகின்றது. அது வருந்தித் திருந்துவதில்லை.

மூன்றாம் படி, தனக்குரியதை இழந்து பிறருக்கு ஈதல். இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தகடூர் என்று பண்டு வழங்கிய நம் தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுநாள் வாழ்விக்கும் அரிய நெல்லிக்கனியைத் தானுண்ணாமல் ஔவையாருக்கு அளித்தான். சேலம் செல்லும் சாலையில் அதியமான்கோட்டையைக் கடக்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். தான் இறக்கப்போவதை அறிந்தவன் கொடுத்தமையால் அன்றோ அது கொடையாயிற்று! மதீனத்து அன்ஸாரித் தோழர் ஒருவர், வீட்டிலிருந்த சிறிதளவு உணவை விருந்தினருக்கு வைத்து, தாமும் உண்பதுபோல் தோன்றும்படி விளக்கை அணைத்துவிட்டு, குடும்பத்துடன் பசியோடு உறங்கினார். 'அல்ஹஷ்ர்' அத்தியாயம் அத்தகையோரைப் புகழ்கின்றது. பசியும் மரணமும் இல்லாத பொறிக்கு இழப்பும் இல்லை; இழப்பில்லாத இடத்தில் ஈகையும் இல்லை.

இனி அவ்விளைஞருக்கு நான் கூறிய விடையைக் கேளுங்கள்.

"தம்பி! எழுதப் படிக்கத் தெரியாத நம் தாய்மார்கள் முன்னாளில் பிறரைக் கொண்டு கடிதம் எழுதுவித்தார்கள். அதில் குறையொன்றும் இல்லை. எழுதியவர் கையை மட்டுமே இரவல் தந்தார். நெஞ்சம் தாயுடையதாகவே இருந்தது. நீங்களோ நெஞ்சத்தையும் இரவல் வாங்கிவிட்டீர்கள். செயல்கள் நிய்யத்தைக் கொண்டே மதிக்கப்படுகின்றன. இயந்திரத்துக்கு நிய்யத் இல்லை, உங்களுக்கு உண்டு. ஆகவே அந்தக் கடிதத்தின் கடன் இன்னும் உங்கள் மீதே இருக்கின்றது. நேரில் சென்று மாமாவின் அருகில் அமருங்கள். வார்த்தை வராவிட்டால் கவலையில்லை."

அடுத்த ஜும்ஆவுக்கு அவர் வந்திருந்தார். "சென்றேன் ஹஜ்ரத்! ஒரு சொல்லும் பேச முடியவில்லை. மாமா என் கையைப் பற்றிக்கொண்டார்கள். இருவரும் அழுதோம். அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்" என்றார்.

"மாமா என்ன சொன்னார்கள்?" என்றேன்.

"இப்போதுதானே வந்திருக்கிறாய் என்றார்கள்."

சகோதரர்களே! இயந்திரம் மனிதனாவது ஒருபுறம் இருக்கட்டும். மனிதன் இயந்திரமாகிவிடாமல் காத்துக்கொள்வதே இன்று நம் முன் உள்ள கடமை. நோயுற்றோரை நலம் விசாரிக்கும் கால்களையும், துயருற்றோரின் கையைப் பற்றும் கைகளையும், தவறியபோது நனையும் கண்களையும் வல்ல அல்லாஹ் நம்மிடமிருந்து பறித்துவிடாமல் காத்தருள்வானாக! ஆமீன்.